அக்கா கொடுத்த ஃபிலிம்

கொடுமுடியில் ஒரு காது குத்து விருந்தில்தான் புவனா அந்த ஃபிலிம் ரோலைத் தங்கையின் கையில் திணித்தாள்.

லோகப்பிரியா சாப்பிட்டு முடித்து மண்டபத்தின் பின்புறம் கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு அக்கா குனிந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, கைக்குட்டையில் சுற்றிய சின்னப் பொருள் ஒன்று லோகப்பிரியாவின் உள்ளங்கைக்கு வந்தது.

“கழுவி வெச்சுக்கோ. படம் என்னன்னு பாரு. நம்ம பக்கம் யாருகிட்டயும் குடுத்தறாத.”

“என்னக்கா இது?”

“கேக்காத கண்ணு. அவிய வாராங்க.”

சுரேந்தர் வந்துவிட்டிருந்தான். கையில் மனைவிக்காக ஒரு துண்டு. “ஏனுங்க அம்மணி, சாப்பாடு நல்லா இருந்துச்சுங்களா? பாயசம் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிச்சிருக்கலாமல்ல?” என்று மைத்துனியிடம் சிரித்தான். புவனா துண்டை வாங்கிக் கையைத் துடைத்தாள். அந்தப் புழுக்கத்திலும் கழுத்து வரை மூடிய ரவிக்கை போட்டிருந்தாள். சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டிருந்தாள். லோகப்பிரியா கைக்குட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பாயசம் இனிப்பு அதிகம் என்று ஏதோ சொன்னாள்.

சுரேந்தர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. உடுமலைப்பேட்டையில் தேங்காய், கொப்பரை வியாபாரம். தோப்புக்கு நடுவே பெரிய வீடு. பத்து வயதுப் பையனைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவான். கல்யாணம் முடிந்த புதிதில் கோபிச்செட்டிபாளையத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள்.

புவனாவிடம் பேச வேண்டுமென்றால் அவன் பக்கத்தில் இருக்கும்போதுதான் பேச முடியும். ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். “எங்களுக்குள்ள ஒளிவுமறைவு கெடயாதுங்க” என்பான். அவள் ஃபோனில் வரும் செய்தி, எடுக்கும் படம் எல்லாம் அவனுடைய ஃபோனிலும் தெரியும்படி செய்து வைத்திருந்தான்.

போன ஆடியில் புவனா தனியாகக் கிளம்பி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போக மாட்டேன் என்றாள். அப்பா காளிச்சாமி எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்.

“அடிச்சாரா?”

“அடி வெளிய தெரியாதுப்பா.”

“காயம் ஏதாவது இருந்தாக் காட்டு.”

அன்றைக்குக் காட்ட ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். மறுநாளே சுரேந்தர் பழக்கூடையோடு வந்து மாமனார் காலைத் தொட்டுக் கும்பிட்டு, தப்பு தன் மேல்தான் என்றான். “இத்தன மரியாதை தெரிஞ்ச மனுசனை நான் என்னன்னு சொல்லிப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடறது?” என்று அப்பா மகளை அனுப்பி வைத்தார். காரில் ஏறும்போது புவனா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொடுமுடியிலிருந்து கோயமுத்தூர் திரும்பும் பஸ்ஸில், பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு லோகப்பிரியா இதையெல்லாம் யோசித்தாள். புவனா கல்லூரியில் விஸ்காம் படித்தவள். அப்போது வாங்கிய பழைய ஃபிலிம் கேமரா, இப்போது புகுந்த வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பொம்மைகளோடு பொம்மையாக உட்கார்ந்திருந்தது. அதில் படம் எடுத்தால் எந்த ஃபோனுக்கும் போகாது. அப்பா காயத்தைக் காட்டச் சொன்னார். அக்கா எதையோ காட்டுவதற்காக எடுத்து வைத்திருக்கிறாள்.

கைப்பையைத் திறந்து ரோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

லோகப்பிரியா கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை பார்த்தாள். பக்கத்திலேயே பெண்கள் விடுதி. மறுநாள் மதியத்துக்கு மேல் அனுமதி கேட்டுவிட்டு, ஃபிலிம் கழுவ இடம் தேடிக் கிளம்பினாள்.

முதல் ஸ்டுடியோவில் இருந்தவர் சிரித்தார். “அந்த மெசினையெல்லாம் எடைக்குப் போட்டு எத்தனையோ வருசமாச்சுங்களே.” இரண்டாவது கடையில் கவுன்டரில் இருந்த பெண் ரோலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “இது பிளாக் அண்ட் ஒயிட்டுங்க. கோட்டைமேட்டுல நஸ்ரியான்னு ஒருத்தங்க வீட்லயே கழுவறாங்க. இன்ஸ்டால தேடிப் பாருங்க.” முன்பின் தெரியாத ஒருத்தரின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று லோகப்பிரியாவுக்குத் தயக்கம். பெரிய கடையாக இருந்தால் நல்லது என்று காந்திபுரம் பக்கம் போனாள்.

அந்தக் கடைக்காரர் உற்சாகமானவர். “அட, ஃபிலிமுங்களா! கவலையே படாதீங்க. நம்ம குரூப்ல கேட்டுப்போட்டா உடனே ஆள் கெடைக்கும்.” மேசைமேல் ரோலை வைத்துப் படம் எடுத்தார். “பேரு?”

“லோகப்பிரியா.” யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

“எந்த ஊரு?”

“கோபிங்க.”

தட்டி அனுப்பிவிட்டு நிமிர்ந்தார். “கோயமுத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி, உடுமலை, அத்தன ஊரு போட்டோகிராபரும் இதுல இருக்காங்க.”

உடுமலை என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் அவருடைய ஃபோனை நோக்கிக் கை நீட்டினாள். “அதை அழிச்சிருங்க. தயவுசெஞ்சு இப்பவே அழிச்சிருங்க” என்றாள்.

“ஏனுங்க, என்னாச்சு?” அவர் குழப்பத்தோடு அழித்தார். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ. ரோலை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

பொழுது சாய்ந்து விடுதிக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. சுரேந்தர்.

“ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டாச்சுங்களா?”

“இன்னும் இல்லீங்க மாமா.”

“நேரத்துக்குச் சாப்பிடோணும் கண்ணு.” கொஞ்சம் நிறுத்தினான். “ஏதோ ஃபிலிம் கழுவோணும்னு கோயமுத்தூரு பூராச் சுத்தறீங்களாமா? நம்ம கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தாப்லயே ஒரு தம்பி, அவருதான் சொன்னாரு. கோபி லோகப்பிரியான்னு போட்டிருந்துச்சாம். நம்ம அம்மணியாத்தான் இருக்கும்னேன்.”

“காலேஜ்ல எடுத்ததுங்க மாமா. பெட்டியில கெடந்துச்சு.”

“நீங்க எப்பங்க கேமரா புடிச்சீங்க? உங்கக்காவல்ல புடிப்பா?”

அவள் எழுந்துபோய் அறைக் கதவைத் தாழிட்டாள்.

“இப்பத்தான் அலமாரியத் தெறந்து அந்தக் கேமராவ எடுத்துப் பாத்தேன். எல்லாப் பொம்மை மேலயும் தூசி இருக்குது. அது மேல மட்டும் இல்ல.” அவன் குரலில் எந்த மாற்றமும் இல்லை. “நாளைக்குக் காலைல நான் அங்க வாரேன். அந்த ரோலை எங்கிட்டக் குடுத்துருங்க. நானே கழுவிக் குடுத்தர்றேன்.”

“அக்கா இருக்காங்களா மாமா? ஒரு வார்த்த பேசிக்கறேன்.”

“தூங்கறா.”

இன்னும் விளக்கு வைக்கிற நேரம்கூடத் தாண்டவில்லை. புவனா அந்நேரத்தில் தூங்குகிறவள் இல்லை. அவன் ஃபோனை வைத்ததும் லோகப்பிரியா அக்காவின் எண்ணை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி மறுபடி அழைத்தாள். தன்னால்தான், தான் பெயரைச் சொன்னதால்தான் என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்பாவை அழைத்தாள். காளிச்சாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த ரோல்ல என்ன கண்ணு இருக்குது?” என்றார்.

“தெரியலப்பா.”

“தெரியாமயே பயந்தா எப்படி? புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நான் போன் பண்ணினா அவர் தப்பா எடுத்துக்குவாரு.”

போலீசுக்குப் போகலாமா? போய் என்னவென்று சொல்வது? மாமா மரியாதையாகப் பேசினார், அக்கா சீக்கிரம் தூங்கிவிட்டாள் என்றா? சென்னையில் ஃபிலிம் கழுவும் இடத்துக்குக் கூரியரில் அனுப்பினால் வருவதற்கு நாள் கணக்காகும். அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. கோட்டைமேட்டு நஸ்ரியாவை இன்ஸ்டாவில் தேடிக் கண்டுபிடித்துச் செய்தி அனுப்பினாள். நாளைக் காலையில் ஒரு ரோல் கழுவித் தர முடியுமா?

பதில் வந்தது. ‘சாயங்காலம்னா ஓகே. ஃபிலிமுக்கு என்னங்க அவ்வளவு அவசரம்?’

லோகப்பிரியா எதையெதையோ தட்டி அழித்தாள். கடைசியில் உண்மையையே எழுதினாள். ‘எங்க அக்கா உயிருக்கு ஆபத்தோன்னு பயமா இருக்குங்க. அவங்கதான் இதை எடுத்தாங்க.’

பிறகு ஒரு வீட்டு முகவரி வந்தது. கீழே, ‘விடிஞ்சதும் வாங்க.’

நஸ்ரியாவுக்கு முப்பது வயதிருக்கும். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பது தொழில், ஃபிலிமில் படம் எடுப்பது பைத்தியம். கோட்டைமேட்டின் ஒடுங்கிய தெரு ஒன்றில், மாடியில் தனியாக இருந்தாள். கதவைத் திறந்தவள் லோகப்பிரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தாள்.

“ஒண்ணு சொல்லிடறேன்ங்க,” என்றாள் ரோலைக் கையில் எடுத்து. “இது தேதி முடிஞ்ச ஃபிலிம். படம் வரலாம், வராமயும் போகலாம். ஒரு தடவதான் கழுவ முடியும். சொதப்பினா அவ்வளவுதான், திரும்ப எடுக்க வழியில்ல. என்னை நம்பறீங்களா?”

“எனக்கு வேற யாருமில்லீங்க.”

கைகளை மட்டும் உள்ளே விடும்படியான ஒரு கறுப்புத் துணிப்பை இருந்தது. ரோல், கத்தரி, பாட்டில் திறப்பான், ஃபிலிமைச் சுற்றி ஏற்றும் சக்கரம், மூடியுள்ள ஒரு சின்ன டப்பா எல்லாவற்றையும் அதற்குள் போட்டு ஜிப்பை மூடினாள். பிறகு முழங்கை வரை கைகளை நுழைத்தாள். உள்ளே உலோக மூடி பிளக்கும் சத்தம் கேட்டது. ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் எல்லாம் போய்விடும் என்று அவள் சொல்லியிருந்ததால், லோகப்பிரியா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

நஸ்ரியாவின் கைகள் நின்றன. நெற்றி சுருங்கியது.

“என்னாச்சுங்க?”

“சிக்குது. வெயில் காலத்துல பைக்குள்ள கை வேர்த்தா ஃபிலிம் ஒட்டும். பேசாதீங்க கொஞ்சம்.”

அந்நேரம் பார்த்து லோகப்பிரியாவின் ஃபோன் அதிர்ந்தது. சுரேந்தர் அனுப்பியிருந்தான். ‘கெளம்பிட்டேன் அம்மணி. ஹாஸ்டல்லயே இருங்க.’ அவள் திரையைக் கவிழ்த்து வைத்தாள். பைக்குள் துணி அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கடைசியில் நஸ்ரியா மூச்சை விட்டாள். “சக்கரத்துல ஏறிருச்சு.” டப்பாவை மூடி வெளியே எடுத்தாள்.

மருந்துத் தண்ணீரை ஊற்றினாள், டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தினாள், கொட்டினாள், அடுத்ததை ஊற்றினாள். குளியலறை முழுக்கக் வினிகர் போன்ற ஒரு நெடி. லோகப்பிரியா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இப்போது சுரேந்தர் பொள்ளாச்சியைத் தொட்டிருப்பான். இல்லை, இன்னும் தொட்டிருக்க மாட்டான். படம் எதுவும் இல்லாமல் போனால் அவனிடம் ரோலைக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

டப்பாவைத் திறந்து சுருளை வெளியே உருவி, நஸ்ரியா வெளிச்சத்தில் பிடித்தாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. முதல் சாண் அளவுக்கு வெறும் கண்ணாடி போல் இருந்தது. ஒன்றுமே இல்லை.

“போச்சா?” என்றாள் லோகப்பிரியா.

“இருங்க.” அவள் சுருளை இன்னும் இழுத்தாள். “இருக்கு. இங்கிருந்து இருக்கு.”

கறுப்பும் வெளுப்பும் இடம் மாறிய சின்னச் சின்னக் கட்டங்கள். முகம் கறுப்பாக, கூந்தல் வெள்ளையாக ஒரு பெண். அவள் கழுத்தில் வெளுத்த கோடுகள். என்னவென்று லோகப்பிரியாவுக்கு உடனே பிடிபடவில்லை. நஸ்ரியா சுருளை ஒரு வெள்ளை விளக்குப் பலகைமேல் வைத்து ஃபோனில் படமெடுத்து, நிறத்தைத் திருப்பினாள்.

புவனா. கண்ணாடி முன்னால் நின்று, வயிற்றோடு கேமராவைப் பிடித்து, தன்னையே எடுத்திருந்தாள். கழுத்தின் இரு பக்கமும் விரல்கள் பதிந்த கறுப்புத் தடங்கள், ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரியும்படி. அடுத்ததில் முதுகு. அதற்கடுத்ததில் தொடை. பிறகு படுக்கையறைக் கதவு, வெளிப்பக்கம் புதிதாக அடித்த தாழ்ப்பாள், அதில் தொங்கும் பூட்டு. மறுபடி கழுத்து, இந்தத் தடங்கள் வேறு. எல்லாப் படத்திலும் புவனா நேராகப் பார்த்தாள். அழுகை இல்லை. அப்பா கேட்டதைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நஸ்ரியா அடுத்தடுத்த கட்டத்தைத் திருப்பிக்கொண்டே போனாள். கடைசிப் படத்துக்கு வந்ததும் நிறுத்திப் பெரிதாக்கினாள்.

“பின்னால நிக்கறது யாருங்க?”

கண்ணாடியில் புவனாவுக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு வயதான பெண்மணி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரேந்தரின் அம்மா அம்புஜம்.

அக்கா படமெடுத்ததை மாமியார் பார்த்திருக்கிறாள். “அக்காவ ரூமுக்குள்ள போட்டுப் பூட்டியிருப்பாங்க,” என்றாள் லோகப்பிரியா. “நேத்து ராத்திரியே என்னமோ நடந்திருக்கும்.”

“உங்க மாமா இப்ப எங்க இருக்காரு?”

“இங்கதான் வந்திட்டிருக்காரு. எங்கிட்ட இருந்து இதை வாங்க.”

சொன்ன பிறகுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் அது உறைத்தது. அவன் இங்கே வந்தால் அங்கே இல்லை.

நஸ்ரியா கார் சாவியை எடுத்தாள். “பஸ்ஸுக்கு நின்னா நேரம் போயிரும். வாங்க.”

காரில் ஏறியதும் லோகப்பிரியா படங்களை அப்பாவுக்கு அனுப்பினாள். பிறகு பெண்கள் உதவி எண்ணை அழைத்தாள். எதிர்முனையில் இருந்த பெண் நிதானமாகக் கேள்வி கேட்டாள். படங்கள் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றதும் குரல் மாறியது. உடுமலை மகளிர் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுவதாகவும், நேரே அங்கே போகும்படியும் சொன்னாள்.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டும்போது எதிர்ப்பக்கச் சாலையில் ஒரு வெள்ளைக் கார் வேகமாகப் போனது. லோகப்பிரியா சட்டென்று இருக்கைக்குக் கீழே சரிந்தாள். அவனுடைய காரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு கண்ணில் பட்ட எல்லா வெள்ளைக் காரும் அவனுடையதாகவே தெரிந்தது.

அப்பா அழைத்தார். “என்ற புள்ளைய நானே கூட்டி அனுப்பிச்சேன்” என்றார். “கெளம்பிட்டேன் கண்ணு” என்று வைத்துவிட்டார்.

பொள்ளாச்சி நெருங்கும்போது சுரேந்தர் அழைத்தான். எடுக்காவிட்டால் சந்தேகப்படுவான் என்று எடுத்தாள்.

“அம்மணி, ஹாஸ்டல் கேட்டுல நிக்கறேன். எறங்கி வாரீங்களா?”

“குளிக்கப் போறேனுங்க மாமா. கொஞ்சம் இருங்க, வந்தர்றேன்.”

“மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல.”

அந்த நொடியில் பக்கத்தில் ஒரு தனியார் பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு முந்திப் போனது. நஸ்ரியா பல்லைக் கடித்தாள்.

பிறகு அவன் அதே குரலில் கேட்டான். “குளிக்கற எடத்துல பஸ் போகுதுங்களா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது.

“கண்டுபிடிச்சுட்டாரு, திரும்பி வருவாரு,” என்றாள் லோகப்பிரியா. “வீட்டுக்குப் போன் பண்ணுவாரு. அக்காவ வேற எங்கியாவது கொண்டுபோகச் சொல்லுவாரு. ஐயோ, வேகமாப் போங்க.”

“போறேன். நீங்க அழாதீங்க, எனக்கு ரோடு தெரியமாட்டேங்குது.” அப்போதுதான் நஸ்ரியாவும் கண்ணைத் துடைத்துக்கொள்வதை லோகப்பிரியா பார்த்தாள்.

காவல் நிலையத்தில் ஹர்ஷிணி என்ற சப்-இன்ஸ்பெக்டர் காத்திருந்தாள். சின்ன வயது. நின்றபடியே படங்களைப் பார்த்தாள். கழுத்துப் படத்தில் அவள் விரல் நின்றது. “கழுத்துல கை வெச்சவன் அதோட நிறுத்தமாட்டான்,” என்றாள். ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னாள்.

தோப்பு வீட்டின் முன்கதவு திறந்துதான் இருந்தது. அம்புஜம் முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போலீசைப் பார்த்ததும் எழுந்தாள். உள்ளே எங்கோ ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதை எடுக்கப் போகவில்லை.

“உங்க மருமகளப் பாக்கோணும்,” என்றாள் ஹர்ஷிணி.

“அவளுக்கு மேலுக்குச் சொகமில்லீங்க. தூங்கறா.”

லோகப்பிரியா உள்ளே ஓடினாள். படத்தில் பார்த்த அதே கதவு, அதே பூட்டு. கையால் தட்டினாள். “அக்கா! அக்கா, நான்தான்!” உள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. மறுபடி தட்டினாள். ஒன்றுமில்லை.

திரும்பி அம்புஜத்தின் முன்னால் வந்து ஃபோனை நீட்டினாள். கண்ணாடிக்குள் நிற்கும் அந்த உருவம். “அத்தை, இது நீங்கதானுங்களே? எல்லாத்தையும் பாத்துட்டு நின்னிருக்கீங்களே.”

அம்புஜம் திரையை உற்றுப் பார்த்தாள். “நானும் இதுல விழுந்துட்டனா,” என்றாள்.

“அவருகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?”

“சொல்லல.” அவள் தலையை ஆட்டினாள். “அவ எடுக்கட்டும்னுதான் நின்னேன். அவன் அப்பனும் இப்படித்தான் அம்மணி. ஊருல அத்தன பேரும் தங்கமான மனுசன்னு சொல்லுவாங்க. எனக்குப் படமெடுக்கத் தெரியல.”

இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். ஹர்ஷிணி வாங்கித் திறந்தாள்.

புவனா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கி, ஒரு கண் திறக்க முடியாமல் இருந்தது. தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. அவன்தான் தங்கையைக் கூட்டிவந்து கூப்பிட வைக்கிறான் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். லோகப்பிரியா பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்த பிறகும் அவள் பார்வை வாசலிலேயே இருந்தது.

“அவிய எங்க?”

“இங்க இல்லக்கா. வா, போலாம்.”

“எங்க நிக்கறாங்க, சொல்லு.”

அவளை எழுப்பி, நஸ்ரியா ஒரு பக்கமும் லோகப்பிரியா ஒரு பக்கமுமாகப் பிடித்து, முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாசலைத் தாண்டும்போது தோப்புப் பாதையில் புழுதி கிளம்பியது. சுரேந்தரின் கார் வந்து ஜீப்புக்குப் பின்னால் நின்றது.

அவன் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினான். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். “வாங்க மேடம். வெயில்ல நிக்கறீங்களே, மோர் குடிச்சீங்களா? அம்மா, வந்தவங்களுக்கு மோர் குடுக்கலீங்களா?” அம்புஜம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் பார்வை புவனாவிடம் வந்தது. “ஒடம்பு முடியாம எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க? உள்ள போ கண்ணு.”

புவனாவின் கால் வீட்டுப் பக்கம் திரும்பியது. ஒரு எட்டு எடுத்தும் வைத்துவிட்டாள். அந்தக் கணத்தில் லோகப்பிரியாவுக்கு ஏற்பட்ட பயம், அந்த இரண்டு நாளில் பட்ட எல்லாப் பயத்தையும்விடப் பெரியதாக இருந்தது. அக்காவின் கையை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தாள். “அக்கா, என்னப் பாரு. என்ன மட்டும் பாரு.”

புவனா நின்றாள். தங்கையின் முகத்தை மட்டும் பார்த்து, நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஹர்ஷிணி இடையில் வந்தாள். “நீங்க எங்ககூட ஸ்டேஷனுக்கு வாங்க.”

“வாரேனுங்க மேடம், அதுக்கென்ன. சட்டைய மாத்திப்போட்டு வந்தர்றேன்.”

“போட்டிருக்கற சட்டையே போதும்.”

அப்போதும் அவன் சிரித்துக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினான். ஏறுவதற்கு முன் லோகப்பிரியாவைப் பார்த்து, “நல்லாப் படிச்ச புள்ளைங்க நீங்க. யோசிச்சுச் செஞ்சிருக்கலாம்” என்றான்.

“எங்ககூட வந்துருங்க அத்தை,” என்று கிளம்பும்போது லோகப்பிரியா அம்புஜத்திடம் கேட்டாள். அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். “நான் எங்க அம்மணி போறது? இதுதான ஊடு.” திறந்து கிடந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றாள்.

உடுமலை அரசு ஆஸ்பத்திரியில் புவனாவைச் சேர்த்தார்கள். மதியத்துக்குமேல் காளிச்சாமி வந்து சேர்ந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுவிட்டார், கிட்டே வரவில்லை. புவனா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. “உட்காருங்கப்பா” என்று மட்டும் சொன்னாள்.

வழக்குப் பதிவானது. நெகட்டிவை நஸ்ரியாவே உறையில் போட்டுக் கொண்டுவந்து ஒப்படைத்து, தான் கழுவியதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். சுரேந்தரைச் சிறையில் வைத்தார்கள். புவனா கோபிக்குப் போகவில்லை. கோயமுத்தூரில் சின்னதாக ஒரு வீடு பார்த்து, அக்காவும் தங்கையும் குடிபோனார்கள். வெளியே தாழ்ப்பாள் இல்லாத கதவாகப் பார்த்து லோகப்பிரியா எடுத்தாள். ஆனாலும் புவனா தூங்குவதற்கு முன் எழுந்துபோய் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

சில வாரங்களில் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. ஹர்ஷிணிதான் ஃபோன் செய்து சொன்னாள். கோயமுத்தூர்ப் பக்கம் வரக்கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போட்டிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றாள். அன்றைக்குப் புவனா சமைக்கவில்லை. ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தபடி காலையிலிருந்து நின்றாள். லோகப்பிரியாவும் வேலைக்குப் போகவில்லை.

மதியம் புவனாவின் ஃபோன் அடித்தது. உடுமலை வீட்டில் பொதுவாக வைத்திருக்கும் செல்ஃபோனின் எண். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. புவனா எடுத்துக் காதில் வைத்தாள்.

பஸ்கள் உறுமும் சத்தம் கேட்டது. யாரோ பாலக்காடு பாலக்காடு என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

“அவன் இன்னைக்கு வாரான்னு வக்கீல் சொன்னாரு,” என்றது அம்புஜத்தின் குரல். “நான் வீட்டப் பூட்டிப்போட்டு வந்துட்டேன். கோயமுத்தூரு உக்கடம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன் கண்ணு. இங்கிருந்து எப்படி வாரதுன்னு தெரியல.”

புவனா தங்கையைப் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

“அங்கியே நில்லுங்க அத்தை,” என்றாள். “நான் வாரேன்.”